எட்டாம் தூணின் வலது கை

ஹேமலதா பதினோரு வருஷமாக இரும்புக் கட்டடங்கள் வரைந்துகொண்டிருந்தாள். அவள் வரைந்த ஒரு தூணைக்கூட இதுவரை தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு கிடங்கு கனடாவில் நின்றது. ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம் பிரான்ஸில் நின்றது. அந்த ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்க, அலுவலகத்துக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருந்த, பிரெஞ்சு தெரிந்த அக்காவைத்தான் கேட்க வேண்டியிருந்தது. ரெட்டியார்பாளையத்தில் அந்த மருந்துக்கடை மாடியில் நான்கு கணினியும் ஒரு ஏசியும்தான் அவர்களுடைய அலுவலகம். முதலாளி விஜயராகவன் ஒரு பக்கம், ஹேமலதாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு பக்கம்.

தூண் எவ்வளவு கனம், தூணுக்குத் தூண் குறுக்கே போகும் விட்டம் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் வேறு யாரோ கணக்குப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதைக் கணினிக்குள் முழு உருவமாகக் கட்டி, எந்தத் தகடு எங்கே ஒட்ட வேண்டும், எந்தத் தகட்டில் எத்தனை துளை என்று பட்டறைக்கு வரைபடம் எடுத்துக் கொடுப்பது ஹேமலதாவின் வேலை. தூணையும் விட்டத்தையும் நிறுத்துவது ஒரு நாள் வேலை. அவை சேரும் இடங்களில்தான் வாரக்கணக்கில் போகும். ஓர் இணைப்பைப் போட முதலில் தூணைத் தொட வேண்டும், அப்புறம் விட்டத்தை. மாற்றித் தொட்டால் தகடு தூணில் ஒட்டாமல் விட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மேல் எது, முன்பக்கம் எது என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் கணினி தானாக ஒன்றை முடிவு செய்துகொள்ளும். மணவறையில் பெண்ணை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று தெரியாமல் யாரோ ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டுப் போன மாதிரி, தகடு தூணுக்கு முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும்.

போன ஐப்பசியில் அலுவலகத்துக்கு ஓர் உள்ளூர் வேலை வந்தது. பிள்ளைச்சாவடியில் கடற்கரையோரம் மீனவர்கள் வலை பழுது பார்க்க ஒரு கூடம். நான்கு பக்கமும் திறந்தது, எட்டுத் தூண், ஒரு கூரை. விஜயராகவன் அதைச் சின்ன வேலை என்று ஒதுக்கப் பார்த்தார். ஹேமலதா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எங்க வூட்ல இருந்து ஸ்கூட்டர்ல இருபது நிமிஷம் சார். நான் போட்டத நானே போய்ப் பாக்கலாம்."

"எட்டுத் தூணுதானம்மா. ரெண்டு நாள்ல முடிச்சிரு" என்றார் அவர்.

உண்மையில் இரண்டு நாளில்தான் முடித்தாள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. மின்சாரத் துறையின் பராமரிப்பு வேலைக்காக ரெட்டியார்பாளையத்தில் காலை ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இல்லை. அன்றைக்குத்தான் தூண்கள் பிள்ளைச்சாவடிக்கு வருகின்றன என்று ஹேமலதாவுக்குத் தெரியும். வரைபடங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் போனபோது லாரியிலிருந்து இறக்கி முடித்திருந்தார்கள். எட்டுத் தூணும் சவுக்குக் கட்டைகளின் மேல் வரிசையாகப் படுத்திருந்தன. உப்புக் காற்றுக்காகத் துத்தநாகம் பூசியிருந்ததால் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆண்களெல்லாம் கரையில்தான் இருந்தார்கள். தென்னை நிழலில் உட்கார்ந்து வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்துப் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

பட்டறைக்காரர் அல்போன்ஸ் தூண்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ், கழுத்தில் மாதா படம் போட்ட கயிறு. ஹேமலதா தன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"வரைபடத்துக்குக் கீழ ஹெச் எம் எல்னு ஒரு கையெழுத்து இருக்குமே, அது நீங்களா மேடம்? ஆறு மாசமா அந்த மூணு எழுத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஆம்பளைன்னு நெனச்சேன்."

"மேடம்லாம் வேணாம்ணே. நான் டிப்ளமோதான்."

அவள் முதல் தூணின் மேல் கை வைத்தாள். சுட்டது, உடனே எடுத்துக்கொண்டாள். துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வைத்தாள். திரையில் விரல் நீளம் இருந்தது இங்கே நாலு ஆள் நீளம் இருந்தது. துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்னபடியே இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அடுத்த தூணுக்குப் போனாள்.

நடுத்தூண்கள் நான்குக்கும் இரண்டு பக்கமும் தகடு. இரண்டு பக்கமும் விட்டம் வந்து சேரும். மூலைத்தூண்கள் நான்குக்கும் ஒரு பக்கம் மட்டும்தான் தகடு, பக்கத்துத் தூணை நோக்கி. ஒன்று, நான்கு, ஐந்து என்று பார்த்துக்கொண்டே வந்தவள் எட்டாவது தூணிடம் வந்ததும் நின்றுவிட்டாள். திரும்பிப் போய் நான்காவதைப் பார்த்தாள். மறுபடி எட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, மூலைத்தூண்ல ரெண்டுக்குத் தகடு இடது பக்கம், ரெண்டுக்கு வலது பக்கம் இருக்கணும். இங்க வலது மூணு இருக்கற மாதிரி தெரியுது."

அல்போன்ஸ் குனிந்து பார்த்தார். "இது மல்லாக்கப் படுத்திருக்கு, அது குப்புறப் படுத்திருக்கு. அதனால அப்படித் தெரியுதோ என்னமோ."

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. திரையில் ஒரு தூணை விரலால் சுழற்றிவிடலாம். முந்நூறு கிலோ இரும்பைச் சுழற்ற முடியாது. தலைக்குள் சுழற்றிப் பார்த்தாள். ஒரு முறை சரி என்று வந்தது, அடுத்த முறை தப்பு என்று வந்தது.

கட்டுமான மேற்பார்வையாளர் தணிகாசலம் அவர்களிடம் வந்தார். மஞ்சள் தொப்பியும் கையில் ஒரு ரிஜிஸ்டருமாக இருந்தார். "பதினொரு மணிக்கு கிரேன் வந்துரும். இன்னா பிரச்சனை?"

ஹேமலதா சொன்னாள். அவர் தூண்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "தூக்கி நிறுத்திப் பாத்தா தெரிஞ்சிடப்போவுது."

"நிறுத்தின அப்புறம் தெரிஞ்சா எறக்கணுமே சார். அதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துக்கலாம். எனக்கு எட்டு ஆளு வேணும்."

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் இதைக் கேட்டுத் தலை தூக்கினார்கள். மீனவர் சங்கத் தலைவர் பாவாடை என்பவர் வலை பின்னும் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். "எட்டு ஆளு எதுக்கும்மா?"

"தூணா நிக்கறதுக்குத் தாத்தா."

"தாத்தாவா? எனக்கு இப்பத்தான் அறுவது" என்றார் பாவாடை. ஆனால் அவர்தான் முதலில் போய் நின்றார்.

அடித்தளங்கள் ஏற்கெனவே போட்டு முடித்து, ஒவ்வொன்றிலும் நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. வடக்கு வரிசையில் ரோட்டுப் பக்கத்திலிருந்து கடலை நோக்கி ஒன்று முதல் நான்கு. தெற்கு வரிசையில் அதே மாதிரி ஐந்து முதல் எட்டு. ஹேமலதா ஆளுக்கு ஓர் அடித்தளம் காட்டினாள். ஆறு பேர் வந்தார்கள்; மற்றவர்கள் வலையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏழாவது இடத்தில் தணிகாசலத்தையே நிறுத்தினாள். அவர் ரிஜிஸ்டரைக் கீழே வைக்க மனமில்லாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எட்டாவது இடத்துக்கு ஆளில்லை. கருவாட்டுக் கூடையோடு அந்த வழியாக வந்த அமிர்தவல்லி என்ன கூத்து இது என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அக்கா, கூடைய எறக்கி வெச்சிட்டு அஞ்சு நிமிஷம் இங்க நில்லேன்."

"நின்னா இன்னா குடுப்ப?"

"கருவாடு வாங்கிக்கறேன்."

அமிர்தவல்லி கூடையை இறக்கினாள்.

"எல்லாரும் உள்ள பாத்து நில்லுங்க" என்றாள் ஹேமலதா. "எதிர் வரிசை ஆளப் பாத்து. கூரை உள்பக்கம்தான் சாயுது, அதனால தூணோட மூஞ்சி எப்பவும் உள்பக்கம். அல்போன்ஸ் அண்ணன் ஒவ்வொரு தூணாப் பாத்து, அதுல தகடு எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுவாரு. அந்தக் கைய நீட்டணும். கை நீட்டினா பக்கத்து ஆளு கைய நோக்கிப் போவணும். அவ்ளோதான்."

அல்போன்ஸ் முதல் தூணின் தலைமாட்டுக்குப் போய், உச்சியின் சரிவை வைத்து அதன் முகம் எந்தப் பக்கம் என்று பார்த்தார். அதே மாதிரி தன் உடம்பைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணு, இடது கை."

பாவாடை இடது கையை நீட்டினார். அது இரண்டாவது ஆளைக் காட்டியது.

"ரெண்டு, ரெண்டு கையும். மூணு, ரெண்டு கையும். நாலு, வலது கை."

வடக்கு வரிசை முழுக்கக் கை கோத்த மாதிரி ஆயிற்று. நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் கும்மிக்கு நிற்கிறார்கள் என்று கேலி பேசினார்கள்.

"அஞ்சு, வலது கை. ஆறு, ரெண்டும். ஏழு, ரெண்டும்."

தணிகாசலம் இரண்டு கையையும் நீட்டியதில் ரிஜிஸ்டர் மணலில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

அல்போன்ஸ் எட்டாவது தூணைச் சுற்றி வந்தார். முழங்கால் போட்டுப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். "எட்டு, வலது கை" என்றார் மெதுவாக.

அமிர்தவல்லி வலது கையை நீட்டினாள். எல்லாக் கைகளும் ஒன்றை ஒன்று நோக்கி நீண்டிருக்க, அவள் கை மட்டும் கடலைக் காட்டியது. ஏழாவது இடத்தில் தணிகாசலத்தின் வலது கை அவளை நோக்கி நீண்டு சும்மா நின்றது.

"எனக்கு மட்டும் ஆளு கெடையாதா?" என்றாள் அமிர்தவல்லி.

எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்துவிட்டு, பிறகு ரிஜிஸ்டரை எடுத்து மணலைத் தட்டினார். அவர் முகம் மாறிவிட்டது. "பட்டறையில மாத்தி ஒட்டிட்டீங்க அல்போன்ஸ். கிரேன் வர்ற நேரத்துல இத நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? உங்க தப்புன்னுதான் எழுதியாவணும்."

அல்போன்ஸ் சட்டைப் பையைத் துழாவினார். வரைபடத்தை அவர் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "புதுசா ரெண்டு வெல்டர் சேத்தேன்" என்றார். "ஆனா நானே அளந்து பாத்தனே."

ஹேமலதாவின் பையில் வரைபடம் இருந்தது. எட்டாவது தாளை அவள் இன்னும் பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு முன்பே அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

அன்றைக்கு ஒரே மழை. வடக்கு வரிசையை முடித்துவிட்டு, கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதை அப்படியே தெற்கு வரிசைக்குத் திருப்பிப் போட்டிருந்தாள். அப்படித் திருப்பினால் தூண் சரியாக வந்துவிடும். இணைப்புகள் மட்டும் பழைய கைப்பழக்கத்திலேயே நிற்கும். ஒவ்வொன்றாகத் தொட்டு எது முன்பக்கம் என்று மறுபடி சொல்ல வேண்டும். ஐந்தைத் திருப்பினாள், ஆறைத் திருப்பினாள், ஏழைத் திருப்பினாள். அப்போது மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மழைக்காக லீவு விட்டுவிட்டார்கள், உடனே வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். மழைக்கோட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடினாள். மறுநாள் வந்து உட்கார்ந்தபோது ரோட்டுப் பக்கமிருந்து மட்டும் பார்த்தாள். எட்டாவது தூண் தன் தகட்டைத் தனக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றது.

தாளைப் பிரித்தாள். வலது பக்கம்தான் போட்டிருந்தது. கீழே மூன்று எழுத்து.

தாளை மடித்துப் பையில் வைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அது தோன்றியதற்கே அவளுக்குக் காது சூடாயிற்று.

"சார், எழுதாதீங்க" என்றாள். "அண்ணன் மேல தப்பு இல்ல. வரைபடத்துலயே வலதுன்னுதான் இருக்கு. நான் போட்டது. திருப்பாம வுட்டுட்டேன்."

தாளை நீட்டினாள். தணிகாசலம் வாங்கிப் பார்த்தார். அல்போன்ஸ் பார்க்கவே இல்லை. மாதா கயிற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை சொன்னம்மா" என்றார். 'மேடம்' என்பது போய்விட்டிருந்தது.

ஹேமலதா விஜயராகவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். கரண்ட் இல்லாமல் அவர் கீழே மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நானே செக் பண்ணனேம்மா. எங்கயுமே இடிக்கலியே."

"இடிக்காது சார். தகடு காத்துலதான் நிக்குது. ஒண்ணோட ஒண்ணு இடிச்சா கம்ப்யூட்டர் சொல்லும். ஒண்ணு ஒண்ணத் தொடாமப் போனா சொல்லாது."

"சரி. இப்ப இன்னா பண்ணலாம்னு நெனைக்கிற?" என்றார். திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். கேள்வி கேட்டதால் யோசிக்க ஆரம்பித்தாள்.

தூணைத் திருப்பி நிறுத்த முடியாது. திருப்பினால் தகடு சரியாக வரும், ஆனால் கூரை வெளிப்பக்கம் சாயும். தகட்டை வெட்டி மறுபக்கம் ஒட்டலாம் என்றார் தணிகாசலம். அல்போன்ஸ் தலையை ஆட்டினார். "நெருப்பு பட்டா பூச்சு போயிடும் சார். இந்த உப்புக் காத்து ஒரே மழைக்காலத்துல அந்த எடத்தத் தின்னுடும். மறுபடி பூசணும்னா சென்னைக்கு அனுப்பணும். பத்து நாளு."

"பத்து நாளா?" என்றார் பாவாடை. "தடைக்காலம் முடியறதுக்கே மூணு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள கூரை போட்டுக் குடுக்கறேன்னீங்க."

ஹேமலதா அமிர்தவல்லியின் கூடைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். வரைபடத்தைக் கவிழ்த்து, அதன் முதுகில் வரைய ஆரம்பித்தாள். கையால் வரைந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. தூணின் இடப்பக்கத்தில் நான்கு துளை. அதில் எல் எழுத்துபோல் மடிந்த ஒரு கோணத் தகட்டை வெல்டு இல்லாமல் போல்ட் போட்டு முடுக்குவது. துளையிடுவதற்கு நெருப்பு வேண்டாம். துளை விளிம்புக்கு மட்டும் துத்தநாக பெயின்ட். கோணத் தகடு பட்டறையில் இருந்தால் போதும்.

"இருக்கு" என்றார் அல்போன்ஸ், அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே. "வேற வேலைக்குப் பூச்சு போட்டு வாங்கி வெச்சது மிச்சம் கெடக்கு. காந்த டிரில்லும் எடுத்தாரச் சொல்றேன். இந்த விளிம்புல இருந்து நாப்பது மில்லி போதுமா?"

"அம்பது குடுங்கண்ணே. முடுக்கற சாவி உள்ள போவணும்."

அவள் படம் பிடித்து விஜயராகவனுக்கு அனுப்பினாள். அவர் கட்டடத்துக்குக் கணக்குப் போட்ட பொறியாளருக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் கிரேன் வந்துவிட்டது. முதல் ஏழு தூண்களை நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொரு தூணையும் தூக்கும்போது, அந்த இடத்தில் நின்ற ஆள் ஓடிப்போய், தன் தூண் தன் மாதிரியே நிற்கிறதா என்று பார்த்தான். பாவாடை தன் தூணுக்கு நேரே இடது கையை நீட்டிக்கொண்டே நின்றார். கிரேன் ஓட்டுநருக்கு என்ன நடக்கிறதென்று கடைசிவரை புரியவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது. நான்கு போல்ட் போதாது, ஆறு போடுங்கள், மற்றபடி சரி என்று பொறியாளர் எழுதியிருந்தார். அல்போன்ஸ் சாக்பீஸால் ஆறு புள்ளி வைத்தார். டிரில் சத்தம் கேட்டு வலை பின்னுவது மொத்தமாக நின்றுபோயிற்று. இரண்டு மணிக்கு எட்டாவது தூண் எழுந்தது. ஏழாவது தூணிலிருந்து வந்த விட்டம் கோணத் தகட்டில் போய் உட்கார, முதல் போல்ட் கையாலேயே உள்ளே போனது. அல்போன்ஸ் திரும்பி ஹேமலதாவைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினார்.

கடலை நோக்கி நீட்டிக்கொண்டிருந்த பழைய தகடு அப்படியே இருந்தது.

"அத இன்னா பண்றது? அசிங்கமா நிக்குதே" என்றார் தணிகாசலம்.

பாவாடை அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். துளைகளை எண்ணினார். "வெட்டாதீங்க. அதுல ஒரு கப்பி மாட்டினா வலைய மேல இழுத்துக் காய வுடலாம். இப்ப நாலு ஆளு புடிச்சுத் தென்னமரத்துல கட்டறோம்."

வலை எவ்வளவு கனம், நனைந்தால் எவ்வளவு என்று ஹேமலதா கேட்டாள். கேட்டு எழுதிக்கொண்டு, பொறியாளருக்கு இன்னொரு முறை எழுதினாள். அதற்கும் சரி என்றே வந்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் இரண்டு கிலோ கருவாடு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

கூரை வேய்ந்து, தடைக்காலம் முடிந்து, படகுகள் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. ஆடி பிறந்த வாரத்தில் விஜயராகவன் அவளைக் கூப்பிட்டார். கையில் ஒரு கடிதம். சங்கத்தின் முத்திரை, கீழே பாவாடையின் கையெழுத்து.

"கப்பி மாட்டற தகடு ஒரு மூலையில மட்டும் இருக்காம். அதுக்கு தெனம் சண்டையாம். மத்த மூணு மூலைக்கும் அதே மாதிரி வேணுமாம். 'அந்த அம்மா போட்ட அதே தப்பு'ன்னு எழுதியிருக்காரு."

அவர் அதைச் சிரிக்காமல் சொல்ல முயன்றார், முடியவில்லை. ஹேமலதா கடிதத்தை வாங்கி அந்த வரியை இரண்டு தரம் படித்தாள்.

கணினியில் கூடத்தைத் திறந்தாள். முதல் மூலையைத் தொட்டாள். இரண்டாவதாக எதைத் தொட வேண்டும் என்று மென்பொருள் காத்திருந்தது. அந்தப் பக்கம் தொடுவதற்கு எதுவுமே இல்லை. வெறும் காற்று. வேண்டுமென்றே செய்யப் பார்த்தால் அது விடமாட்டேன் என்றது. கடைசியில் காற்றில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பொய் விட்டம் போட்டு, அதைத் தொட்டு இணைப்பை வாங்கிக்கொண்டு, பிறகு அந்த விட்டத்தை வரைபடத்தில் வராமல் மறைத்தாள். போல்ட் போட்டு மாட்டும் அந்த மூன்று தகடுகளுக்கும் முன்பக்கம் எது, மேல் எது என்று சொன்னாள். பிறகு தூணைச் சுற்றி நான்கு பக்கமும் போய்ப் பார்த்தாள். மேலே ஏறிப் பார்த்தாள். கீழேயிருந்து பார்த்தாள். பக்கத்து மேசைக்காரன் அவளுக்குத் தலை சுற்றுகிறதா என்று கேட்டான்.

வரைபடம் போன மறுநாள் அல்போன்ஸ் போன் செய்தார். பின்னால் இரும்பு அறுக்கும் இயந்திரத்தின் சத்தம்.

"தங்கச்சி, வெட்டறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். எந்தப் பக்கம்னு நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேண்ணே. ஒண்ணு கடல் பக்கம், ரெண்டு ரோட்டுப் பக்கம்."

"எழுந்து நின்னு கைய நீட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்ப சரி" என்றார் அல்போன்ஸ். அறுக்கும் இயந்திரம் தகட்டைத் தொடும் சத்தம் போனுக்குள் கேட்டது.